விருந்தாளிக்குத் தனி வாசல்: வீட்டிலும் கடையிலும் வைஃபை பாதுகாப்பு



கடன் கொடுக்கல் வாங்கல், காசோலை, களஞ்சியக் கணக்கு என்று இப்பகுதியில் பலதும் எழுதிவிட்டோம். இவ்வாரம் சற்று வித்தியாசமான ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டுள்ளேன். வைஃபை பற்றி எழுதப்போகிறேன் என்றதும் "இது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் அல்லவா, வியாபாரப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படி நினைத்திருந்ததால் எனக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பின் பாடத்துக்கு வருவோம்.

முப்பத்தொரு கருவிகள்

எங்களில் பலரைப் போலவே எனக்கும் கீழே கடை, மேலே வீடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு, ஒரே ரவுட்டர். கடைக் கணனி, பில் அடிக்கும் இயந்திரம், சிசிரிவி கமராக்களின் பதிவுப் பெட்டி, மேலே பிள்ளைகளின் கைத்தொலைபேசிகள், தொலைக்காட்சி என்று எல்லாமே அந்த ஒரு பெட்டியில்தான் இணைந்திருந்தன. கடவுச்சொல்லாகக் கடைப் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் தொலைபேசி இலக்கத்தையே வைத்திருந்தேன். மறக்காது பாருங்கள், அதுதான் காரணம்.

ஒரு மாதம் 30 நாட்களுக்கு வரவேண்டிய டேட்டா 11ஆம் நாளே தீர்ந்துவிட்டது. மறு மாதமும் அப்படியே. கம்பனிக்காரர் ஏமாற்றுகிறார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, கணனி திருத்தும் தெரிந்த தம்பி ஒருவரை அழைத்தேன். அவர் வந்து தன் கைத்தொலைபேசியில் ஏதோ பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நானா, உங்கட வீட்டில எத்தினை பேர்?"

"ஏழு பேர் தம்பி. கடையில ரெண்டு பொடியன்மார்."

"இஞ்ச முப்பத்தொரு கருவி தொங்குது."

உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். வீட்டுக்காரர், வேலைப் பொடியன்மார் போக, பக்கத்துக் கடைக்காரர், எதிர் மாடியில் வாடகைக்கு இருக்கும் மாணவர்கள், பெருநாளுக்கு வந்து போன உறவினர்கள், ஒரு தடவை கேட்டு வாங்கிய முச்சக்கரவண்டிக்காரர் என்று பட்டியல் நீண்டது. எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோருக்கும் நானோ என் பிள்ளைகளோதான் கடவுச்சொல்லைக் கொடுத்திருக்கிறோம். யாரும் திருடவில்லை.

அதோடு விட்டிருந்தால் டேட்டா விடயம் என்று சமாதானமடைந்திருப்பேன். அந்தத் தம்பி அடுத்ததாகச் செய்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தன் கைத்தொலைபேசியில் இருந்தபடியே என் கடைக் கணனிக்குள் நுழைந்து ஒரு கோவையைத் திறந்து காட்டினார். "இது உங்கட கடன் கொப்பியோ நானா?" என்று கேட்டார். ஆம். யார் யார் எனக்கு எவ்வளவு தரவேண்டும், நான் எந்தக் கம்பனிக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும், எந்தச் சாமானை என்ன விலைக்கு எடுத்தேன், எல்லாமே அதில் இருந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தக் கோவையை மேல் மாடிக் கணனியிலும் பார்க்கவேண்டும் என்று முன்னொரு நாள் நானே பொதுவில் திறந்துவிடச் சொல்லியிருந்தேன். அந்தப் பொதுவுக்குள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை.

அப்போதுதான் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வந்தது. கடைக்கு அடிக்கடி வந்து, இணைப்பைக் கேட்டு வாங்கி, தன் ஓடர்களை அனுப்பும் விற்பனைப் பிரதிநிதி ஒருவர், பேரம் பேசும்போது நான் இன்னொரு கம்பனிக்கு வைத்திருந்த பாக்கியை ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிட்டார். சந்தையில் கேள்விப்பட்டிருப்பார் என்று அன்று விட்டுவிட்டேன். அவர்தான் பார்த்தார் என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். ஆதாரமில்லாமல் ஒரு மனிதனைச் சந்தேகிக்க எனக்கு உரிமையில்லை. ஆனால் கதவைத் திறந்து வைத்திருந்தவன் நான் என்பதில் சந்தேகமே இல்லை.

கடன் கொப்பி என்பது வெறும் கணக்கு அல்ல. நம்மிடம் கடன் பட்டவரின் மானம் அதில் இருக்கிறது. அது நம் கையில் உள்ள அமானிதம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தை விட்டு இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொல்லப்பட்டபோது, கடையையும் சாமானையும் மட்டுமல்ல, கொப்பிகளையும் உறுதிகளையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு புத்தளம் போன தலைமுறை நாம். கொப்பி போனால் என்ன போகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று பறிபோனதைத் தடுக்க எங்களிடம் பலமில்லை. இன்று கணனிக்குள் இருக்கும் கொப்பியைக் காப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது.

சங்கடப்படலை சொல்லும் பாடம்

விருந்தாளிக்கு இணைப்புக் கொடுக்காமல் விடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரும் உறவினர் ஸலாம் சொல்லி உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி "பாஸ்வேர்ட் என்ன?" என்பதுதான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருவோரை எதிர்பார்த்து அறை வாடகைக்கு விடுபவர்களிடமும், சாப்பாட்டுக் கடை நடத்துபவர்களிடமும் இதே கேள்வி. இல்லை என்று சொல்வது விருந்தோம்பலும் ஆகாது, வியாபாரமும் ஆகாது.

யாழ்ப்பாணத்து முன்னோர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பழைய வீடுகளின் வாசலில் கூரை போட்ட சங்கடப்படலையைப் பார்த்திருப்பீர்கள். வழிப்போக்கன் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம், இருபக்கமும் உள்ள திண்ணையில் இருக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆனால் வீட்டின் அறைக்குள் போகவேண்டியதில்லை. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலாகவே கட்டப்பட்ட தெருமூடி மடமும் இந்த எண்ணத்தில் எழுந்ததுதான். வந்தவனுக்கு நிழலும் கிடைத்தது, வீட்டாரின் பெட்டகமும் பத்திரமாக இருந்தது.

இன்று விற்பனையாகும் ரவுட்டர்கள் பலவற்றில் "கெஸ்ட் நெட்வேர்க்" என்று ஒரு வசதி இருக்கிறது. அதுவும் ஒரு சங்கடப்படலைதான். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு பெயரில் வைஃபை வரும். ஒன்று வீட்டுக்காரருக்கு, மற்றது விருந்தாளிக்கு. விருந்தாளியின் இணைப்பில் இருப்பவர் இணையத்துக்குப் போகலாம். ஆனால் உங்கள் கணனி, பில் இயந்திரம், கமராப் பதிவுப் பெட்டி எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. கடவுச்சொல்லும் வேறு. விருந்தாளிக் கடவுச்சொல்லை மாற்றினால் வீட்டுக் கருவிகளை மறுபடி இணைக்கவேண்டிய தொல்லையும் இல்லை.

உலகம் பட்ட அனுபவங்கள்

இது சின்ன விடயம் என்று நினைப்பவர்களுக்காக மூன்று உண்மைச் சம்பவங்களைத் தருகிறேன்.

முதலாவது, அமெரிக்காவின் டீ.ஜே.எக்ஸ். என்ற பெரிய சில்லறை வர்த்தக நிறுவனம். 2005ஆம் ஆண்டில் மியாமி நகரில் அந்நிறுவனத்துக்குச் சொந்தமான மார்ஷல்ஸ் கடையொன்றின் வைஃபை ஊடாகத் திருடர்கள் உள்ளே நுழைந்தார்கள். கடையில் பயன்படுத்தியது டபிள்யூ.ஈ.பீ. எனப்படும் பழைய பூட்டு. அந்தப் பூட்டு உடையக்கூடியது என்று 2001லேயே ஆய்வாளர்கள் காட்டியிருந்தும் மாற்றப்படவில்லை. ஒரு கடையின் வைஃபையில் நுழைந்தவர்கள் அங்கிருந்து தலைமையகக் கணனிகள் வரை போய்விட்டார்கள். 2007 ஜனவரியில் விடயம் வெளியானது. நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட வங்கி அட்டைகளின் விபரங்கள் களவு போனதாக நிறுவனமே பின்னர் அறிவித்தது. இதில் முக்கிய குற்றவாளிக்கு 2010இல் 20 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. முன்கதவின் பூட்டு பழையது என்பது ஒரு பிழை. முன்கதவுக்கும் பெட்டகத்துக்கும் இடையில் சுவர் சரியாக இல்லாதது அதைவிடப் பெரிய பிழை.

இரண்டாவது, 2016இல் பரவிய மிராய் என்னும் நச்சு நிரல். அது பெரிய கணனிகளைத் தேடிப் போகவில்லை. நம் கடைகளில் தொங்குவது போன்ற சிசிரிவி கமராக்கள், பதிவுப் பெட்டிகள், ரவுட்டர்கள் ஆகியவற்றையே தேடியது. அதன் கையில் இருந்தது தொழிற்சாலையில் போட்டு அனுப்பும் அறுபதளவான பயனர்பெயர், கடவுச்சொல் சோடிகள் மட்டுமே. "அட்மின், அட்மின்" போன்றவைதான். மாற்றாமல் விட்ட கருவிகள் இலட்சக்கணக்கில் அகப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி அத்தகைய கருவிகளை ஏவிவிட்டு அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களையே பல மணி நேரம் முடக்கினார்கள். கமராவின் சொந்தக்காரர்களில் பெரும்பாலானோருக்குத் தங்கள் பொருள் இப்படி ஒரு வேலை செய்தது தெரிந்திருக்கவே மாட்டாது.

மூன்றாவது சம்பவம் நமக்கு மிகக் கிட்டியது. 2008 ஜூலை 26ஆம் திகதி இந்தியாவின் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுகள் வெடித்து 50க்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து வந்தது என்று பொலிஸார் தேடியபோது, நவி மும்பையில் ஒரு மாடி வீட்டில் வசித்த அமெரிக்கர் ஒருவரின் இணைய இணைப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டைச் சோதித்தார்கள், கணனிகளை எடுத்துப் போனார்கள், அவரைத் திரும்பத் திரும்ப விசாரித்தார்கள். அவரது வைஃபை பூட்டப்படாமல் இருந்தது, வேறொருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார் என்பது பின்னர்தான் தெளிவானது. அதே ஆண்டு ஓகஸ்டில் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபையும், செப்டெம்பர் 13ஆம் திகதி டில்லிக் குண்டுவெடிப்பின்போது செம்பூர்ப் பகுதியில் ஒரு தனியார் நிறுவனத்தின் வைஃபையும் இதே விதமாகப் பயன்படுத்தப்பட்டன. 2009 ஜனவரியில் மும்பைப் பொலிஸார் பூட்டாத வைஃபைகளைத் தெருத்தெருவாகத் தேடத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் இந்தியத் தொலைத்தொடர்புத் திணைக்களமும் வைஃபைகளைப் பாதுகாக்கும்படி பணிப்புரை விடுத்தது.

இதை வாசிக்கும்போது நமது நாட்டையும் நினைத்துப் பாருங்கள். 2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்பும் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்ட நாட்களை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில் ஒரு பதிவு, ஒரு பகிர்வு யார் பெயரில் நிற்கிறது என்பது எத்தனை பெரிய விடயமாக இருந்தது என்பதும் தெரியும். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது. எங்கிருந்து போனது என்று தேடி வருபவர் முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான். அது நான் அல்ல என்று பிறகு நிரூபிக்கலாம். ஆனால் நிரூபிக்கும் வரை கடையை யார் பார்ப்பது?

செய்யவேண்டியது என்ன?

கீழே வரிசையாகத் தருகிறேன். பிள்ளைகளில் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடலாம்.

1. கணக்கெடுங்கள். ஒரு தாளில் வீட்டிலும் கடையிலும் இணையத்தில் இணைந்திருக்கும் கருவிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். இருப்பெடுக்காமல் கடையைப் பூட்டவும் முடியாது, காக்கவும் முடியாது.

2. ரவுட்டரின் பக்கத்தைத் திறவுங்கள். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒட்டிய தாளில் 192.168.1.1 அல்லது 192.168.8.1 போன்ற ஓர் இலக்கம் இருக்கும். அந்த வைஃபையில் இணைந்திருக்கும்போதே கைத்தொலைபேசியின் அல்லது கணனியின் இணைய உலாவியில் அந்த இலக்கத்தை அடித்தால் ரவுட்டரின் உள்பக்கம் வரும். அதற்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதே தாளில் இருக்கும்.

3. முதலில் அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இது வைஃபையில் இணைவதற்கான கடவுச்சொல் அல்ல. பெட்டியையே ஆளும் சாவி. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடாது. மாற்றியதைத் தாளில் எழுதி உறுதிகளோடு பெட்டகத்தில் வையுங்கள். கடைச் சுவரில் ஒட்டவேண்டாம்.

4. வீட்டு வைஃபையின் பூட்டைப் பாருங்கள். பாதுகாப்பு என்ற இடத்தில் டபிள்யூ.பீ.ஏ. 2 அல்லது டபிள்யூ.பீ.ஏ. 3 என்று இருக்கவேண்டும். முன்னையது 2004இலும் பின்னையது 2018இலும் வந்தவை. டபிள்யூ.ஈ.பீ. என்றோ திறந்தது என்றோ இருந்தால் உடனே மாற்றுங்கள். பொத்தானை அழுத்தி இணையும் டபிள்யூ.பீ.எஸ். என்ற வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ஊகித்துப் பிடிக்கலாம் என்பது 2011இலேயே வெளியாகிவிட்டது.

5. புதிய கடவுச்சொல் போடுங்கள். தொலைபேசி இலக்கம், வாகன இலக்கம், பிள்ளையின் பெயர், கடையின் பெயர் வேண்டாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களைச் சேர்த்தால் உங்களுக்கும் நினைவிருக்கும், மற்றவருக்கும் ஊகிக்க வராது. இதை வீட்டுக்காரர் தவிர வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

6. கெஸ்ட் நெட்வேர்க்கைத் திறவுங்கள். அதற்கு வேறு பெயரும் வேறு கடவுச்சொல்லும் கொடுங்கள். விருந்தாளிகள் வீட்டு வலையமைப்பைப் பார்க்க அனுமதிப்பதா என்று ஒரு கேள்வி இருக்கும். அதை அணைத்தே வையுங்கள். அதைத் திறந்துவிட்டால் சங்கடப்படலைக்கும் அறைக்கும் இடையிலான கதவைக் கழற்றி வைத்ததற்குச் சமன். விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்க்கமுடியாமல் தனிப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். வேகத்தையோ நேரத்தையோ கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் கடை பூட்டிய பின் விருந்தாளி இணைப்பும் பூட்டும்படி செய்யலாம். எனது டேட்டா பிரச்சினை இதனால்தான் தீர்ந்தது.

7. எதை எங்கே இணைப்பது என்று தீர்மானியுங்கள். கடைக் கணனி, பில் இயந்திரம், கமராப் பதிவுப் பெட்டி, உங்கள் சொந்தக் கைத்தொலைபேசி ஆகியவை வீட்டு இணைப்பில். வாடிக்கையாளர், உறவினர், விற்பனைப் பிரதிநிதிகள், வேலையாட்களின் சொந்தத் தொலைபேசிகள் விருந்தாளி இணைப்பில். தொலைக்காட்சி, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவிகள் போன்றவற்றையும் அங்கேயே போட்டுவிடலாம். வேலைப் பொடியன்மாரை நம்பவில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. அவர்களின் தொலைபேசியில் என்னென்ன செயலிகள் இருக்கின்றன என்று அவர்களுக்கே தெரியாது. கமராப் பெட்டியின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லையும் இத்தோடு மாற்றிவிடுங்கள்.

8. சோதித்துப் பாருங்கள். ஒரு தொலைபேசியை விருந்தாளி இணைப்பில் போட்டு, ரவுட்டரின் இலக்கத்தையும் கமராப் பெட்டியின் இலக்கத்தையும் அடித்துப் பாருங்கள். எதுவும் திறக்கக்கூடாது. திறந்தால் பிரிப்புச் சரியாக நடக்கவில்லை. பூட்டிய பிறகு ஒரு தடவை பூட்டை இழுத்துப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

9. விருந்தாளிக் கடவுச்சொல்லை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். பெருநாள், கல்யாணம், திருவிழாக்காலம் முடிந்ததும் கட்டாயம் மாற்றுங்கள். கியூ.ஆர். குறியீடாக அச்சடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொருவருக்கும் எழுத்துக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

ரவுட்டரில் இந்த வசதி இல்லாவிட்டால்

பழைய பெட்டிகள் சிலவற்றில் கெஸ்ட் நெட்வேர்க் இருக்காது. அப்போது பலர் இன்னொரு ரவுட்டரை வாங்கி, முதல் பெட்டியின் பின்னால் மாட்டி, அந்த இரண்டாவதை விருந்தாளிக்குக் கொடுக்கிறார்கள். பார்வைக்குச் சரியாகத் தெரியும். ஆனால் இது தலைகீழான வேலை.

காரணத்தைச் சொல்கிறேன். இரண்டாவது பெட்டியில் இருப்பவர் இணையத்துக்குப் போகும் வழி முதல் பெட்டியின் ஊடாகத்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் முன்கூடத்தைத் தாண்டித்தான் அவர் தெருவுக்குப் போகிறார். போகிற வழியில் கூடத்தில் இருக்கும் கணனியையும் கமராப் பெட்டியையும் அவர் தட்டிப் பார்க்கலாம். மாறாக, முதல் பெட்டியில் இருப்பவரால் இரண்டாவது பெட்டிக்குள் இருப்பதை இலகுவில் எட்ட முடியாது. எனவே விருந்தாளிகளை முதல் பெட்டியில் விட்டு, கடைக் கணனியையும் பில் இயந்திரத்தையும் இரண்டாவது பெட்டிக்குள் வைப்பதே சரி. பெட்டகம் உள்ளறையில் இருக்கவேண்டும், முன்கூடத்தில் அல்ல.

இதைவிட இலகுவான வழியும் இருக்கிறது. தனிச் சிம் அட்டை போட்ட சிறிய கையடக்க வைஃபைப் பெட்டி ஒன்றை விருந்தாளிகளுக்கென்றே வைப்பது. வீட்டு இணைப்போடு எந்தத் தொடர்பும் இல்லை. டேட்டாவும் தனி, செலவும் தனிக் கணக்கில் தெரியும். அறை வாடகைக்கு விடுபவர்களுக்கு இது பொருத்தமானது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரவுட்டரின் பின்னால் உள்ள வயர் துளைகள் சாதாரணமாக வீட்டு இணைப்பையே சேர்ந்தவை. பெட்டியை வாடிக்கையாளர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு வைஃபையை மட்டும் பிரிப்பதில் பயனில்லை. உயரத்தில் அல்லது உள்ளே வையுங்கள்.

இந்த வாசல் எதைக் காக்கும், எதைக் காக்காது?

மருந்தின் பலனைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்வதுதான் நேர்மை. விருந்தாளி இணைப்பு உங்கள் கணக்கையும் கருவிகளையும் காக்கும். உங்கள் பெயரைக் காக்காது. வெளியுலகத்துக்கு இரண்டு இணைப்பும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். வாசல் இரண்டானாலும் வளவு ஒன்று, உறுதியில் பெயரும் ஒன்று. விருந்தாளி இணைப்பிலிருந்து ஒருவர் செய்யும் தவறுக்கும் முதலில் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான்.

அதனால்தான் விருந்தாளி இணைப்பையும் கடவுச்சொல் இல்லாமல் திறந்துவிடக்கூடாது என்கிறேன். முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கவேண்டிய தொழில் என்றால், யார் எப்போது தங்கினார் என்ற பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள். ரவுட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியலை வாரம் ஒரு முறை பாருங்கள். தெரியாத கருவி தொடர்ந்து இருந்தால் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

மேலும், வைரஸ் உள்ள கோவையை நீங்களே திறந்தால் இந்த வாசல் தடுக்காது. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இரகசிய இலக்கம் கேட்பவனையும் தடுக்காது. கணக்குக் கோவைக்குத் தனிக் கடவுச்சொல்லும், கடைக்கு வெளியே வேறோர் இடத்தில் ஒரு பிரதியும் கட்டாயம் வேண்டும். ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருந்தவர்களின் கதை நமக்குத் தெரியும்.

யாராவது உங்கள் அனுமதியின்றி உள்ளே நுழைந்தது தெரியவந்தால், நமது நாட்டின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின் கீழ் அது குற்றம். பொலிஸில் முறையிடலாம். 2006இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கணனி அவசர நடவடிக்கைப் பிரிவிடமும் ஆலோசனை கேட்கலாம். ஆனால் நாமே கடவுச்சொல்லைக் கொடுத்துக் கூப்பிட்டு உள்ளே விட்டவரைப் பற்றி எங்கே போய் முறையிடுவது?

இறுதியாக

இப்போது என் வீட்டில் இரண்டு வைஃபை. வீட்டு இணைப்பில் ஒன்பது கருவிகள். எல்லாவற்றையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் விருந்தாளி இணைப்பில் இருக்கிறார்கள். அந்த விற்பனைப் பிரதிநிதி இப்போதும் வருகிறார், தேநீர் குடிக்கிறார், ஓடர் அனுப்புகிறார். எங்கள் உறவில் ஒரு குறையும் இல்லை. அவரைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரவேண்டிய தேவையும் இனி இல்லை. தனி வாசல் வைத்ததில் எனக்குக் கிடைத்த பெரிய இலாபம் இதுதான். பூட்டு என்பது திருடனுக்கு மட்டுமல்ல. நல்லவர்களை நல்லவர்களாகவே நினைத்துக்கொண்டிருக்கவும் அது உதவுகிறது.

ஆகவே சகோதரர்களே, இந்த வாரமே உங்கள் ரவுட்டரைக் கவிழ்த்து அடியில் உள்ள தாளைப் பாருங்கள். எத்தனை கருவிகள் தொங்குகின்றன என்று எண்ணுங்கள். எண்ணிக்கை வீட்டாரின் தொகையைவிட மிக அதிகமாக இருந்தால், இன்றே ஒரு சங்கடப்படலை கட்டுங்கள்.

அடுத்த வாரம், கணக்குக் கோவைகளுக்குப் பிரதி எடுத்துப் பாதுகாக்கும் முறைகளைப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.